ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு

என் அண்ணிக்குப் பச்சை நிறம் என்றாலே சந்தேகம். துணிக்கடையில் இல்லை, கம்ப்யூட்டர் திரையில். சிவப்பு எரிந்தால் நிம்மதியாக உட்கார்ந்து காரணம் தேடுவாள். எல்லாம் பச்சையாக இருந்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முறைத்துப் பார்ப்பாள். "ஏன் சரியாச்சுன்னு தெரியாம சரியானது சரியானதே இல்ல" என்பாள். கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துப்போனது. குழாயில் நின்ற தண்ணீர் தானாகத் திரும்பி வந்தாலும் இதே வசனம்தான்.

நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் என்றால் நாக்கில் கத்தி இருக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது, நானும் உலகத்தை ஏமாற்றியதில்லை. அவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்த வாரமே 'கம்பிக்காரி' என்று பெயர் வைத்துவிட்டேன். வந்த சீர் பெட்டியில் பாதிக்கு மேல் கேபிள்தான் இருந்தது. அவள் என்னை 'மகாராணி' என்பாள். சண்டை என்றால் சண்டைதான், குறையே வைக்கவில்லை. ஆனால் ஒரே சமையலறை, ஒரே பஸ், வேலையும் ஒரே இடத்தில். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம்தான் போக முடியும்?

நாங்கள் மூன்று பேரும் ஒரு குளிர்கிடங்கில் வேலை பார்த்தோம். பழம், மீன், உறைந்த பொட்டலங்கள் என்று லாரி லாரியாக வந்து இறங்கும் இடம். அண்ணன் கம்ப்ரசர் ரூமில் ஆபரேட்டர். நான் கண்ட்ரோல் ரூமில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். அண்ணி அங்கே பில் அடிக்கும் வேலைக்கு வந்தாள். பிரிண்டர் ஓடாதபோது அதைத் திறந்து பார்த்தாள், அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்தாள், அப்புறம் சுவரில் இருக்கும் பெட்டிகளைத் திறந்தாள். சில வருஷங்களில் அந்தக் கட்டடத்தில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது என்ற நிலை வந்துவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும் கடைசிவரை 'பில் கிளார்க்' என்றே இருந்தது.

குளிரை உண்டாக்குவது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது நல்ல வேலைக்காரன். வெளியே வந்தால் எமன். ஆனால் யோக்கியமான எமன், வருவதற்கு முன்பே நாற்றத்தை அனுப்பிவிடும். கொஞ்சம் கசிந்தாலும் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓட வேண்டியதுதான். அங்கே வேலை பார்த்த எல்லோரையும் மூக்குதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

என் அண்ணனுக்கு மூக்கு வேலை செய்யாது. ஒரு காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, வீடு முழுக்கப் புகை. அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். நான் கத்தியதும் நிமிர்ந்து, "என்ன ஆச்சு?" என்றான். அண்ணி அவனையே பார்த்தாள். அப்போது அவள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? லாரி ஷெட்ல டோக்கன் கிழிக்க உக்கார வெச்சிருவாங்க. அந்த மெஷினுங்க என் கையில வளந்ததுங்க. நான் போகமாட்டேன்" என்றான் அண்ணன்.

"நாத்தம் தெரியாம எப்படி உள்ள நிப்பீங்க?"

"அதான் சைரன் இருக்கே. நீதானே பாத்துக்கிற. மூக்கு ஏமாத்தும், உன் சைரன் ஏமாத்துமா?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவன் அவன். பெரிதாக இரைச்சல் போட்டாலும் பலன் இருக்காது. அண்ணி அவனிடம் ஒரே ஒரு வாக்குறுதி வாங்கினாள். கசிவு வர வாய்ப்புள்ள வேலை எதுவானாலும், முக்கியமாக இயந்திரத்தின் அடியில் தேங்கும் எண்ணெயை வடிக்கும் வேலை, அவளிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். அவள் திரையைப் பார்த்து "போங்க" என்றால்தான் உள்ளே. அண்ணன் சரி என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நிம்மதி முழுவதும் ஒரு கம்ப்யூட்டரின் தலையில் ஏறியது.

அந்தக் கம்ப்யூட்டரோ கிழம். கம்ப்ரசர் ரூமில் காற்றை மோந்து பார்க்கும் கருவி ஒன்று உண்டு. அது நொடிக்கு நொடி ஓர் எண்ணைக் கம்பி வழியாக அனுப்பும். கம்ப்யூட்டர் அதை வாங்கி என் திரையில் காட்டும். எண் தொடர்ந்து சில தடவை எல்லை மீறினால் சைரனை அடிக்கச் சொல்லும். ஒரே ஒரு தடவை எகிறினால் நம்பாது, தூசி என்று விட்டுவிடும். இந்த வேலைக்கான புரோகிராமை விற்ற கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. புரோகிராமுக்கு ஒரு பிடிவாதம் வேறு. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டில் பிறக்கும்போதே பதித்த எண் ஒன்று இருக்கும். புரோகிராம் அந்த எண்ணைப் பார்த்தால்தான் கதவைத் திறக்கும், எண் மாறினால் ஓடவே ஓடாது.

கிழம் திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. அண்ணி சோறு தண்ணி இல்லாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே உருவி எடுத்து, புதிய பெரிய சர்வருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாகக் குடிவைப்பது. எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒருநாள் பஸ்ஸில் வைத்து விளக்கினாள்.

"சர்வர் ஒரு பெரிய வீடுன்னு வெச்சுக்கோ. அதுக்குள்ள ஒரு போர்ஷன்ல நம்ம பழைய மெஷின் வாடகைக்கு இருக்கு. வெளியிலேர்ந்து வர்ற கடுதாசி எல்லாம் வீட்டுக்காரர் வாங்கிக் குடுக்கலாம், அது ஒரு முறை. ஆனா மோப்பக் கருவி பழைய விலாசத்துக்குத்தான் நேரா வந்து கதவைத் தட்டும். வீட்டுக்காரருக்கு அது யாரைத் தேடுதுன்னே தெரியாது, வாசலோட திருப்பி அனுப்பிடுவாரு. அதனால போர்ஷனுக்குத் தெருப்பக்கம் தனிக் கதவு வைக்கணும், தனிக் கதவு எண் போடணும். அதுக்குத்தான் பிரிட்ஜ்னு பேரு."

"அந்தக் கதவு எண் பழைய மெஷினோடதே இருக்கணும். சரியா?" என்றேன்.

"மகாராணிக்கு மூளை இருக்கே!" என்று சிரித்தாள்.

அந்தப் பிரிட்ஜ், அதாவது பாலம், போட்ட முதல் நாள் ஒரு எண்ணும் வரவில்லை. சர்வரின் முதுகில் கம்பி மாட்ட இரண்டு வாய்கள் இருந்தன. பாலம் தானாகவே தவறான வாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சரியான வாய்க்கு மாற்றினாள். அப்போதும் இல்லை. கம்பிகள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி, ஒரு வாய்க்கு ஓர் ஆள்தான் என்று சட்டம் பேசியது. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே கம்பியில் பேசினால் இரண்டாவது ஆளைத் துரத்திவிட்டது. அந்தச் சட்டத்தையும் தளர்த்தினாள். திரையில் மூன்று, நான்கு, மூன்று என்று எண்கள் மினுங்க ஆரம்பித்தன. அண்ணி ஓடிப்போய் அண்ணனைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிவந்து காட்டினாள். கைக்குழந்தையின் முதல் பல்லைக் காட்டுவது மாதிரி காட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கண் கலங்கியது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் உள்ளே நிற்பது அவள் புருஷன். அதனால் ஒரு நகலும் எடுத்து வைத்தாள். நாளைக்கே சர்வர் படுத்துவிட்டால் வேறு ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் நகலை எழுப்பிவிடலாம். நகலை முதல்முறை சோதித்தபோது விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருள், இதை இடம் மாற்றினீர்களா, நகல் எடுத்தீர்களா என்று கேட்டதாம். நகல் என்று சொன்னால் புதுக் கதவு எண் கொடுத்துவிடும், அப்புறம் புரோகிராம் திறக்காது. அதனால் இடம் மாற்றினேன் என்று சொன்னாளாம். அவள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பொய்தான் அது. இரண்டையும் ஒரே நேரத்தில் எழுப்பக் கூடாது, அவ்வளவுதான் என்று சொல்லி, நகல் இருந்த டிஸ்க்கை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அலமாரிக்கு இன்னொரு சாவி மாப்பிள்ளையிடம் இருந்தது.

மாப்பிள்ளை என்பது முதலாளியின் மருமகன். அவருக்கு மேனேஜர் என்று ஒரு பதவி இருந்தாலும், லாரி டிரைவர் முதல் கூட்டுகிறவர் வரை முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். மாமனார் வீட்டு விருந்துக்கு வந்தவர் எழுந்து போக மறந்துவிட்ட மாதிரி இருப்பார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நாலு பேர் பாராட்ட வேண்டும் என்ற பசி உள்ளவர். அந்தப் பசிக்கு எதையும் தின்பார்.

கோளாறு தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். திரையில் எண் மினுங்காமல் சில நேரம் நின்றுவிடும். நான்கு என்றால் நான்கேதான். அப்புறம் ஒரு துள்ளு துள்ளி மூன்றுக்குப் போகும். மறுபடி நிற்கும். நிறம் மட்டும் பச்சை. புரோகிராமின் குணம் அப்படி. புது எண் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். நீண்ட நேரம் ஒன்றுமே வராவிட்டால்தான் சாம்பல் நிறத்துக்குப் போகும். இதுவோ அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கிக்கொண்டே இருந்தது. செத்தும் சாகாத நாடி மாதிரி.

அண்ணிக்குத் தூக்கம் போனது. கேபிளை மாற்றினாள். சர்வரின் வாயை மாற்றினாள். மோப்பக் கருவியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். தன் மேஜையிலிருந்து அந்த மெஷினைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் உடனே பதில் வந்தது. இந்த விலாசத்தில் எந்தக் கதவு எண் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்தாள். அதிலும் எப்போதும் அதே எண்தான்.

"யாரோ நடுவுல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். "கூப்பிட்டா பதில் வருது. ஆனா அந்தப் பதில் நம்ம மெஷின் சொன்னதுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு." பேய்க்கதை கேட்டால் சிரிக்கிற ஆள் நான். இதற்குச் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளையிடம் போனாள். கூட நானும் போனேன். கோளாறு பிடிபடும்வரை கம்ப்ரசர் ரூமில் எண்ணெய் வடிக்கும் வேலையை நிறுத்தச் சொன்னாள்.

"பச்சையாதானேம்மா இருக்கு?" என்றார்.

"பச்சையா இருக்கறதுதான் சார் பிரச்சினை."

மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க அண்ணி எப்பவுமே இப்படித்தானா? அப்படியே கசிஞ்சாலும் மூக்கு இருக்கேம்மா எல்லாருக்கும். சைரன் எல்லாம் ஒரு எக்ஸ்ட்ராதானே."

அண்ணியின் வாய் திறந்தது. ஒரு வார்த்தைதான் மிச்சம். அதைச் சொல்லியிருந்தால் அண்ணன் அன்றைக்கே லாரி ஷெட்டில் உட்கார்ந்திருப்பான். அவள் வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும், "இன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்லிடறேன்" என்றாள். கேட்டாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். பெண்டாட்டியைப் பார்த்துக் கும்பிடும் ஆம்பிளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இந்த ஒரு சீசன் போகட்டும்" என்றான். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மடியில் கனத்தை வைத்துக்கொண்டு மூன்று பேரும் தினமும் பஸ் ஏறினோம்.

அடுத்த சில நாட்களில் நான்தான் வேடிக்கையாக ஒன்று சொன்னேன். "அண்ணி, நம்ம மெஷினுக்கு வெக்கம். விருந்தாளி வந்தா பேச்சு வரமாட்டேங்குது பாருங்க." கண்ட்ரோல் ரூம் ஜன்னலிலிருந்து வாசல் தெரியும். பெரிய கார் வந்து, டை கட்டியவர்கள் இறங்கி, மாடியில் இருக்கும் மீட்டிங் ரூமுக்குப் போனால், கொஞ்ச நேரத்தில் எண் நின்றுவிடும். நான் கேலியாகத்தான் சொன்னேன். அண்ணி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

சுவிட்ச் பெட்டி மாடிப்படிக்குக் கீழே ஒரு கூண்டுக்குள் இருந்தது. அதற்குள் போய்ப் பார்க்கலாம், விளக்குகளை எண்ணலாம். ஆனால் எந்த வாயில் எந்தக் கதவு எண் பேசுகிறது என்ற உள் விவரம் பார்க்கக் கடவுச்சொல் வேண்டும். அது வெளியூரிலிருந்து எப்போதாவது வரும் ஒரு காண்டிராக்டரிடம் இருந்தது. அவர் போனை எடுப்பதே இல்லை. ஆகவே அண்ணி விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தீர்மானித்தாள். அடுத்த தடவை விருந்தாளி வரட்டும், எது புதிதாக எரிகிறது என்று பார்ப்போம் என்றாள்.

அன்று காலை விருந்தாளி யாரும் இல்லை என்று வாசலில் சொன்னார்கள். வரவேண்டியவர்கள் மழைக்குப் பயந்து தள்ளிப்போட்டுவிட்டார்களாம். கொஞ்ச நேரத்தில் அண்ணன் போன் செய்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன். குரல் எனக்கும் கேட்டது.

"எண்ணெய் ரொம்ப சேந்திருச்சு. இன்னைக்கு வடிக்கலேன்னா மெஷினு போயிரும். போகட்டுமா?"

அண்ணி திரைக்கு முன்னால் நின்றாள். மூன்று, நான்கு, மூன்று, இரண்டு, மூன்று. உயிரோட்டமாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் என்பார்களே, அப்படிப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். குறையே இல்லை.

"போங்க. கண்ணாடி போட்டுக்குங்க" என்றாள்.

"தாடி கூட இருக்கான். கவலைப்படாதே" என்று வைத்துவிட்டான். தாடி என்பது அவனோடு வேலை செய்யும் ஃபிட்டர்.

எல்லாம் நன்றாக ஓடும்போதே கூண்டை ஒருதடவை பார்த்துவிடலாம் என்று அண்ணி மாடிப்படிப் பக்கம் போனாள். அவள் போன பின்தான் வாசலில் கார் வந்து நின்றது. மழை விட்டுவிட்டதால் விருந்தாளிகள் கிளம்பி வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை குடையோடு ஓடி வரவேற்றார். நான் திரையைப் பார்த்தேன். மூன்று. மறுபடியும் மூன்று. மூன்று.

கம்ப்ரசர் ரூமுக்குப் போன் அடித்தேன். அந்த இரைச்சலில் போன் யாருக்குக் கேட்கும்? மறுபடி அடித்தேன். அப்போது திரையில் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு சிவப்பு வந்தது. எண்ணை வாசிக்கக்கூட முடியவில்லை. உடனே பச்சை. மூன்று. சைரன் இல்லை. ஒரே தடவைதானே, அது நம்பவில்லை. அண்ணிக்கு அடித்தேன்.

"அண்ணி, சிவப்பு வந்துச்சு! வந்துட்டுப் போயிடுச்சு!"

மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள் அவள் கண் முன்னாலேயே, அவள் எப்போது பார்த்தாலும் இருட்டாகவே இருந்த ஒரு வாயில் விளக்கு எரிந்து படபடத்திருக்கிறது. அந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள்தானே இழுத்தாள்.

மீட்டிங் ரூம் கதவைத் திறந்தபோது உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். சுவரில் பெரிய டிவி. டிவியில் எங்கள் கண்ட்ரோல் ரூம் திரை, அதே படம், அதே எழுத்து. மாப்பிள்ளை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எங்கள் கிடங்கில் பாதுகாப்பு எவ்வளவு நவீனமானது என்று பேசிக்கொண்டிருந்தார். விருந்தாளி ஒருவர் விரல் நீட்டி, "அது ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமலே, "சும்மா டிஸ்ப்ளேதான் சார்" என்றாராம்.

சிவப்பு எண் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்றில்லை, நான்கில்லை. மூன்று இலக்க எண்.

நடந்தது இதுதான். வருகிறவர்களுக்கு நேரடியாகக் காட்டினால் பெருமை என்று மாப்பிள்ளை அலமாரியிலிருந்து நகலை எடுத்து, கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு நண்பனைக் கொண்டு மீட்டிங் ரூமில் எழுப்பி வைத்திருந்தார். முதலில் எண் வரவில்லையாம். நண்பன் பிரிட்ஜ் என்பதைத் தேர்ந்தெடுத்தானாம், வந்துவிட்டதாம். விருந்தாளிகள் முன்னால் கத்தக் கூடாது என்று நகலில் சைரனை அணைத்தும் வைத்திருந்தான். ஒரே விலாசம், ஒரே கதவு எண், இரண்டு வீடு. சுவிட்ச் பெட்டி கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் கடுதாசியைத் திருப்பிவிடும். மாடி வீடு வாய் ஓயாமல் பேசியது. என் அண்ணனின் அறையிலிருந்து வந்த அபாயமெல்லாம் மாடிக்குப் போய் டீ குடிப்பவர்களுக்குப் படமாக ஓடியது. இரண்டு வேறு எண்களாக இருந்திருந்தால் கம்ப்யூட்டரே மோதல் என்று கூச்சல் போட்டிருக்கும். எண்ணும் ஒன்றாக இருந்ததால் இன்னொருவர் இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

அண்ணி நேராக உள்ளே போனாள். சுவரிலிருந்த கம்பியைப் பிடுங்கினாள். கீழே என் திரையில் எண் குதித்தது, நின்றது, இன்னும் குதித்தது. அப்புறம் சைரன் அடித்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்களுக்கு யானை எப்போதோ வந்துவிட்டிருந்தது.

தாடி வெளியே வாளி எடுக்கப் போயிருந்தான். திரும்பி வரும்போது வாசலிலேயே நாற்றம் முகத்தில் அறைய, முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் அண்ணனை இழுத்து வந்தான். வடிக்கும் வால்வு முழுசாக மூடவில்லை. மற்றவர்களாக இருந்தால் முதல் மூச்சிலேயே ஓடியிருப்பார்கள். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு, குனிந்து, பொறுமையாக அந்த வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தானாம். தொண்டை எரிந்து இருமல் வந்தபோதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் நினைவு வந்தது. நுரையீரல் வெந்துபோயிருந்தது என்று டாக்டர் எங்களிடம் சொல்லிவிட்டார். அண்ணன் முகமூடிக்குள்ளிருந்து, காற்று மாதிரி ஒரு குரலில் அண்ணியிடம் சொன்னான்.

"சைரன் அடிச்சுதே. கேட்டுச்சு. அது மட்டும் அடிக்கலேன்னா போயிருப்பேன். நான்தான் சொன்னேனே, உன் சைரன் ஏமாத்தாதுன்னு."

அவன் சிரிக்க முயற்சி செய்தான். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கட்டிலுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினேன், சொல்லாதீர்கள் என்று. அந்தச் சந்தோஷத்தோடு அவன் இருக்கட்டுமே. பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்? அவள் சொல்லிவிட்டாள்.

"அது அடிக்கலைங்க. நான் கம்பியைப் பிடுங்கினதுக்கு அப்புறம்தான் அடிச்சுது. நான் எடுத்து வெச்ச நகல்தான் நடுவுல நின்னுச்சு. போங்கன்னு சொன்னதும் நான்தான்."

அவன் அவளைப் பார்த்தான். பேச மூச்சு இல்லை. கையை மட்டும் கொஞ்சம் தூக்கி அசைத்தான். விடு என்பதா, போதும் என்பதா, போய்விடு என்பதா, எனக்குத் தெரியவில்லை. அவளும் என்னைக் கேட்டதில்லை. மறுநாள் காலை அவன் போய்விட்டான்.

விசாரணை நடந்தது. மூக்கு இல்லாததை மறைத்து வேலை செய்தவர்மேல்தான் தப்பு என்று கம்பெனி சொன்னது. அதற்கு ஒத்துக்கொண்டால் நகல் பேச்சை எடுக்கமாட்டோம் என்று மாப்பிள்ளை ஆள் விட்டுச் சொன்னார். அண்ணி அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே சொன்னாள். அலமாரியின் இரண்டாவது சாவி யாரிடம் இருந்தது என்பதையும் சொன்னாள். மாப்பிள்ளை இப்போது மாமனாரின் வேறு ஏதோ தொழிலைப் பார்த்துக்கொள்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர்களுக்குச் சோற்றுக்கா பஞ்சம்?

எனக்கு அண்ணிமேல் கோபம் இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். இருக்கிறது. மாப்பிள்ளைமேல் இருக்கிறது, கும்பிட்ட அண்ணன்மேல் இருக்கிறது, வாயைத் திறக்காத என்மேல் இருக்கிறது, அவள்மேலும் இருக்கிறது. சில நாட்கள் அவள் தட்டில் சாப்பாடு வைக்கும்போது கை கனக்கும். வைத்துவிடுவேன். கம்பிக்காரி என்று மட்டும் அதற்கப்புறம் கூப்பிட வாய் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலையை விட்டு வீட்டில் இருந்தபோது, கிடங்கிலிருந்து தாடி போன் செய்தான். திரை சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டதாம். புதிதாக வந்தவர் ஏதோ மாற்றியதில் பாலம் மறுபடி வேறு வாயைப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. யாருக்கும் புரியவில்லை. வர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"போகக் கூடாது" என்று நான் கத்தினேன். "உங்களைக் கொலைகாரின்னு பேசின வாயிங்க அங்கதான் இருக்கு. எரிஞ்சு போகட்டும் அந்த இடம்!"

"கம்ப்ரசர் ரூம்ல இப்ப யாரு நிக்கிறா?" என்று போனில் கேட்டாள்.

புது ஆள் ஒருவன், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றான் தாடி. அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நானும் கூடப் போனேன், விட முடியவில்லை. சர்வர் ரூம் இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள். கம்ப்ரசர் ரூம் கதவைத் திறந்து, அண்ணன் போன பிறகு முதல்முறையாக அந்த வாசலில் நின்று, தலையை உள்ளே நீட்டி மூக்கு விரிய இழுத்து இழுத்து மோந்து பார்த்தாள். உள்ளே இருந்த புது ஆள் பயந்துபோய், "என்னம்மா?" என்றான்.

"ஒண்ணுமில்ல தம்பி, இப்போதைக்கு ஒண்ணுமில்ல" என்றாள். அப்புறம், "உனக்கு மூக்கு நல்லா வேலை செய்யுதா? உண்மையைச் சொல்லு" என்று கேட்டாள்.